மாப்பிள்ளை முகம் பதியவில்லை

முருகன் துணை.

ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கும், பங்காளிகளுக்கும், மாமன் மச்சான்மார்களுக்கும் டொடோமாவிலிருந்து ஒரு கும்பிடு. நான் படித்தது எட்டாவது. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். விசயம் மட்டும் பிழையில்லாமல் உங்களிடம் வந்து சேர வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

1

போன வாரம் என் சின்ன மச்சான் ஊரிலிருந்து போன் போட்டார். சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏனுங்க மாமா, காளிப்பட்டி தைப்பூசத்துல கல்யாணமான ஒருத்தனைப் புடிச்சு, நம்ம நித்யாவக் கட்டிக்கச் சொன்னீங்களாமா? நெசமுங்களா?"

"யாரு சொன்னா?"

"ஓமலூர் சந்தையில பேசிக்கறாங்க."

நடந்தது காளிப்பட்டி கந்தசாமி கோயிலில். பேச்சு ஓமலூர் வரைக்கும் போய்விட்டது. போகிற வழியில் வளர்ந்தும் விட்டது. நான் அந்த ஆளுக்கு மாலையே போட்டுவிட்டேன் என்று ஒருத்தர் சொல்கிறாராம். அந்த ஆளுடைய பெண்டாட்டி என்னைச் செருப்பால் அடித்தாள் என்று இன்னொருத்தர் சொல்கிறாராம். மாலை இல்லை, துண்டுதான். செருப்பு சுத்தப் பொய். கோயிலுக்குள் யாருங்க செருப்புப் போட்டுக்கொண்டு வருவார்கள்?

சிரிப்பாய்ச் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று தெரியாது. அன்றைக்கு என் மகளின் கல்யாணமே என் கண்ணில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

2

நான் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டிக்காரன். வையப்பமலைப் பக்கம் பிறந்து, ரிக் வண்டியில் துளைக்குள் இறக்குகிற ராடு தூக்கி, அப்புறம் டிரில்லராகி, எங்கள் முதலாளியின் வண்டி கப்பலேறியபோது நானும் கூடவே வந்தவன். திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத தேசம் ஏது? டான்சானியாவில் டொடோமா என்பது நடுநாட்டு மேட்டுப் பூமி. காய்ந்த மண், பாறை, முள்மரம், ஆடு. வண்டியில் போகும்போது சித்த நேரம் கண்ணசந்து விழித்தால் ராசிபுரம் ரோட்டில் போகிற மாதிரியே இருக்கும். அப்புறம் எதிரே வருகிற லாரியின் மேல் இந்த ஊர்ச் சுவாஹிலியில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் தெளிவேன்.

காலையில் குளித்து விளக்கேற்றி, நெற்றிக்குத் திருநீறு வைத்துக்கொண்டுதான் வெளியே கால் வைப்பேன். வண்டிக் கேபினில் முருகன் படம் இருக்கிறது. எங்கள் வேலையாட்களும் அதற்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுத்தான் இஞ்சினைக் கிளப்புவார்கள். இங்கே பெரியவர்களைப் பார்த்தால் சின்னவர்கள் "ஷிகமோ" என்று சொல்ல வேண்டும். அப்புறம் வீடு எப்படி, வேலை எப்படி, பிள்ளைகள் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கேட்காமல் காரியத்துக்கு வந்தால் மரியாதை இல்லாதவன். பிள்ளை பேரை வைத்துத்தான் பெற்றவர்களைக் கூப்பிடுவார்கள். நான் "பாபா நித்யா". என் வீட்டுக்காரி ஈஸ்வரி "மாமா நித்யா". இந்த ஊரில் மாமா என்றால் அம்மா. இதை மச்சானிடம் சொன்னபோது, "அப்ப நான் உங்களைக் கூப்புடறது யாருங்க?" என்று கேட்டார்.

இனி என் முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போர் போடும்போது நிலத்துக்காரர் குடும்பத்தோடு வந்து நிற்பார். துளைக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பார்ப்பதெல்லாம் டிரில்லரின் மூஞ்சியைத்தான். நான் புருவத்தைத் தூக்கினால் அந்த வீட்டம்மா சாமிக்கு வேண்டிக்கொள்ளும். உதட்டைச் சுளித்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளும். துளையிலிருந்து தூள் ஈரமாக வந்தாலும் உடனே சிரித்துவிட முடியாது, அடுத்த ராடிலேயே காய்ந்துவிடலாம். என் முதலாளி முதல் நாளே சொன்னார்: "டேய், துளைக்குக் கேசிங் எறக்கறதுக்கு முன்னால உன் மூஞ்சிக்குக் கேசிங் எறக்கு." மண் சரிந்து துளை மூடாமல் இருக்க மேலே இறக்குகிற குழாய்தான் கேசிங். நான் இறக்கினேன். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. கோபம், துக்கம், சந்தோசம் எல்லாம் அந்தக் குழாய்க்குள்ளேயே ஏறி இறங்கும். வெளியே ஒரு சொட்டுத் தெறிக்காது. அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

ஆனால் புதுசாகப் பார்த்த ஆளை மறுபடி பார்த்தால் எனக்குத் தெரியாது. பழைய ஆட்கள், சொந்தக்காரர்கள், வருசக்கணக்கில் கூட இருக்கிறவர்கள் தெரியும். புது முகம் மட்டும் தங்காது. இங்கே வேலைக்கான அனுமதியைப் புதுப்பிக்க ஒரு ஆபீசுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு நல்ல மனிதர் என் காகிதங்களைப் பார்த்து முத்திரை போடுவார். காகிதம் சரியாக இருக்குமோ இருக்காதோ என்று பயமாக இருக்கும். அதை அடக்கிக்கொண்டு அவர் எதிரே கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பேன். ஒரு கல்யாண விருந்தில் அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முறைப்படி வீடு, பிள்ளைகள் எல்லாம் விசாரித்துவிட்டு, "உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த தடவை ஆபீசில் என்னைப் பார்த்ததும், "முதலில் நான் யாரென்று சொல்லுங்கள், அப்புறம் முத்திரை" என்றார். கூட இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நான் கேசிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்த ஊரு மூஞ்சியெல்லாம் நமக்குப் புதுசு. அதான்," என்று ஈஸ்வரியிடம் சொன்னேன்.

"நம்மூரு மூஞ்சி மட்டும் தெரிஞ்சுதாக்கும்? நம்ம கல்யாணம் முடிஞ்ச மறுநாளு என் தங்கச்சியப் பாத்து 'நீ யாரு அம்மிணி'ன்னு கேட்டீங்களே, அவ எந்த ஊருங்க?"

ஈஸ்வரிக்கு இந்த ஊர் மார்க்கெட்டில் தக்காளிக்காரியைத் தெரியும், அவள் மருமகளைத் தெரியும், மருமகளின் தங்கச்சி எதிரே வந்தால் ஜாடையை வைத்தே கண்டுபிடிப்பாள். அவளுக்குக் கேசிங் கிடையாது. வெறும் மண். சாவு வீட்டில் மொழி தெரியாமலே கட்டிப்பிடித்து அழுவாள். சிரிப்பு வந்தால் தெருவுக்கே கேட்கும். குக்கர் வெடித்துச் சாம்பார் கூரையில் ஒட்டியபோது நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள், "நம்ம மேல படாம முருகன் கூரைக்குத் திருப்பி உட்டுட்டான் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். மெய்யாகவே அவளுக்குக் கோபம் போய்விட்டது. எனக்கு இரண்டு நாள் இருந்தது.

3

எங்களுக்கு ஒரே மகள். நித்யா துறைமுகப் பட்டணமான தாரெஸ்சலாமில் தங்கி மனோதத்துவம் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், ஆனால் கணக்குப் போடும்போது உதடு சுவாஹிலியில் அசையும். தூக்கத்தில் உளறுவதும் சுவாஹிலிதான். கோபம் வந்தால் இந்த ஊர்ப் பெண்கள் மாதிரிப் பல்லிடுக்கில் ஒரு சத்தம் போடுவாள். அதை அவள் அம்மாவும் கற்றுக்கொண்டு என்மேல் போடுகிறாள்.

லீவில் வந்தபோது கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு வைத்தாள். யாரோ முன்பின் தெரியாத ஆட்களின் முகத்தை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். அப்புறம் வேறு முகங்களோடு கலந்து, இதில் முன்னால் பார்த்தது எது என்று கேட்பாள். ஈஸ்வரி அடுப்புக்கும் கம்ப்யூட்டருக்குமாக நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கடைசியில் முருகன்மேல் பாரத்தைப் போட்டு விரல் வைத்தேன். முருகனும் கைவிட்டுவிட்டான்.

அடுத்து அவள் கேள்வி கேட்டாள். "அப்பா, கோவம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அடக்கீருவேன்," என்றேன் பெருமையாக.

"எப்படி அடக்குவீங்க?"

"எப்படின்னா? மூஞ்சியில காட்ட மாட்டேன்."

"உள்ளுக்குள்ள அடங்கீருமா?"

ஈஸ்வரி உள்ளேயிருந்து, "அடங்கும் அடங்கும், அடுத்த அமாவாசைக்கு," என்றாள்.

நித்யா சொன்னாள்: "அடக்கறதுல ரெண்டு விதம் இருக்குதுப்பா. நடந்ததையே வேற மாதிரி நெனச்சுப் பாத்து மனசை ஆத்திக்கறது ஒண்ணு. அம்மா முருகன் பேரச் சொல்லி ஆத்திக்கறாங்களே, அது மாதிரி. உள்ள எரிய எரிய மூஞ்சிய மட்டும் இறுக்கி வெச்சுக்கறது இன்னொண்ணு. இந்த ரெண்டாவது பழக்கம் இருக்கறவங்களுக்குப் புது மூஞ்சி பதியறது கஷ்டமா இருக்கலாம்னு எங்க கிளாஸ்ல பேசிக்கிட்டோம். எல்லாருக்கும் அப்படின்னு சொல்ல முடியாது. ஆனா தன் மூஞ்சியக் காவல் காத்துக்கிட்டே இருந்தா, எதுத்தாப்புல இருக்கற மூஞ்சியப் பாக்க ஆளு வேணுமில்ல?"

"பீசு கட்டிப் படிக்க வெச்சது எங்க மூஞ்சியப் பத்திப் பேசறதுக்கா?" என்றேன். சிரிக்காமல்தான் சொன்னேன்.

அவளும் சிரிக்கவில்லை. விளையாட்டு இதற்குத்தான் வைத்திருக்கிறாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கம்ப்யூட்டரை மூடிவிட்டுக் கேட்டாள்: "அப்பா, தினேஷ் எப்படி இருப்பாருன்னு சொல்லுங்க பாக்கலாம்?"

"எந்த தினேஷு?"

ஈஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். "ஏனுங்க! மூணு தடவ நம்மூட்டுல உக்காந்து சாப்பிட்டுப் போன பையனுங்க!"

4

தினேஷ் மல்லசமுத்திரத்துப் பையன். தாரெஸ்சலாமில் கம்ப்ரஸர் சாமான் விற்கிற கம்பெனியில் வேலை. நித்யாவுக்கும் அவனுக்கும் பழக்கம். குலக்கூட்டம் வேறு, குலதெய்வம் வேறு, அதனால் கட்டிக்கொள்ள ஒரு தடையும் இல்லை. தடை நான்தான்.

முதல் தடவை போன வருசப் பொங்கலுக்கு வந்தானாம். அன்று காலைதான் துளைக்குள் ராடு சிக்கிக்கொண்டு வராமல் என் ஈரல் கருகிக்கொண்டிருந்தது. வெளியே காட்டாமல் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, "தம்பி எந்த ஊரு?" என்றேனாம். "மல்லசமுத்திரமுங்க." "அடடே, நம்ம பக்கம்!"

இரண்டாம் தடவை வந்த அன்று, படிப்பு முடிந்தாலும் நான் சேலத்துப் பக்கம் வந்து இருக்க மாட்டேன், இதுதான் என் ஊர் என்று நித்யா சொல்லியிருந்தாள். அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு, "தம்பி எந்த ஊரு?" என்றேனாம். "மல்லசமுத்திரமுங்க." "அடடே, நம்ம பக்கம்!"

மூன்றாம் தடவை அனுமதிக் காகிதம் கிடைக்காமல் இழுத்துக்கொண்டிருந்த நேரம். நான் வாயைத் திறப்பதற்குள் பையன் தானே, "மல்லசமுத்திரமுங்க," என்று சொல்லிவிட்டானாம். நானும் விடவில்லை. "அடடே" என்றேனாம்.

யோசித்துப் பார்த்தேன். சிக்கிய ராடு ஞாபகம் இருக்கிறது. மகள் சொன்ன சொல், எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. அந்தப் பையன் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு நீலச் சட்டைதான் உட்கார்ந்திருக்கிறது. சட்டைக்கு மேலே ஒன்றுமில்லை.

"உங்கப்பாவுக்கு என்னையப் புடிக்கல, புடிக்காதவங்களத்தான் இப்படிக் கேப்பாங்கன்னு சொல்றாருப்பா," என்றாள் நித்யா. "அவங்கப்பா அதுக்கு மேல. ஊட்டுக்கு வந்த ஒரம்பரை சனத்தை அடையாளம் தெரியாதவன் ஊட்டுல சம்பந்தம் வேண்டாங்கறாரு. தைப்பூசத்துக்கு அவங்க எல்லாரும் காளிப்பட்டியில இருப்பாங்களாம். நீங்களா வந்து, நீங்களா கண்டுபுடிச்சு, 'வாங்க மாப்பிள்ளை'ன்னு ஒரு வார்த்தை கூப்புடணுமாம். அப்பத்தான் உங்களுக்கு மனசுன்னு நம்புவாராம். இல்லீன்னா இத்தோட உட்ருன்னு சொல்லீட்டாராம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. நம் பக்கத்தில் வாசலுக்கு வந்த ஆளைத் 'தெரியலையே' என்றால், போ என்று சொன்ன மாதிரித்தானே?

"நீ என்ன நெனைக்கற சாமி?" என்று கேட்டேன்.

அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தாடையை இறுக்கிக்கொண்டாள், கண்ணைக் கொட்டாமல் வைத்துக்கொண்டாள், "எனக்கு ஒண்ணுமில்லப்பா," என்று தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். அப்படியே என் மூஞ்சி. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. டிக்கெட் போடச் சொன்னேன்.

5

நித்யாவுக்குப் பரீட்சை. நானும் ஈஸ்வரியும் மட்டும் ஊருக்குப் போனோம். விமானத்திலேயே டியூசன் ஆரம்பித்துவிட்டது. ஈஸ்வரி போனில் தினேஷ் போட்டோக்களை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினாள்.

"நல்லாப் பாருங்க. சுருட்டை முடி. ஒரு சுருள் நெத்தியில உழுகும். தாடி கன்னத்துல அடர்த்தியா இருக்கும், மோவாயில கொஞ்சம் கம்மி. சொல்லுங்க."

"சுருட்டை. நெத்திச் சுருள். தாடி."

வையப்பமலையில் தங்கியிருந்த நாலு நாளும் காலையில் திருநீறு வைத்ததும் ஒரு பார்வை, ராத்திரி படுக்கும் முன் ஒரு பார்வை. மற்ற போட்டோக்களோடு கலந்து காட்டினாலும் டக்கென்று சொன்னேன். "உங்களுக்கு மண்டையில ஏறீருச்சுங்க," என்று ஈஸ்வரியே சர்ட்டிபிகேட் கொடுத்தாள். எனக்கும் தைரியம் வந்துவிட்டது.

தைப்பூசத்தன்று காளிப்பட்டியில் கூட்டம் நெரிந்தது. ஈஸ்வரி அர்ச்சனை வரிசையில் நின்றுகொண்டாள். "நீங்க போயிப் பேசுங்க. நான் பக்கத்துல நின்னா, நான் சொல்லிக் கொடுத்தேம்பாங்க," என்று தாம்பாளத்தைக் கையில் கொடுத்தாள். தேங்காய், பழம், வெற்றிலை, புதுத் துண்டு. முடி இறக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் இருப்பதாகத் தகவல். முருகா என்று நடந்தேன்.

போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் மொட்டை.

தலையெல்லாம் சந்தனம். தாடி இல்லை, மீசை இல்லை, சுருட்டை இல்லை, நெற்றிச் சுருள் இல்லை. வெயிலில் மஞ்சள் மஞ்சளாக, உடைக்காத தேங்காய் அடுக்கி வைத்த மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நான் இத்தனை நாளாகப் படித்த பாடம் முழுக்க அந்தக் கொட்டகைக்குள் கூட்டிக் குவித்துக் கிடந்தது.

முகத்தை இறுக்கினேன். இளவட்டப் பையன் ஒருத்தன் பெரியவர்களோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். நீலச் சட்டை வேறு. இவன்தான்.

"வாங்க மாப்பிள்ளை!" என்று தோளில் துண்டைப் போட்டேன்.

பையன் விழித்தான். "யாருங்க நீங்க?"

"என்ன மாப்பிள்ளை வெளையாடறீங்க! நாந்தான் நித்யா அப்பா. எம்மகளை உங்களுக்குக் கட்டிக் கொடுக்கறதுல எனக்குப் பரிபூரண சம்மதம்!"

அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தது. இடுப்பில் ஒரு குழந்தை, அதுவும் மொட்டை.

"ஏனுங்க," என்றது அவனைப் பார்த்து. "யாருங்க அந்த நித்யா?"

"சாமி சத்தியமா எனக்குத் தெரியாது அம்மிணி!"

"கேரளாவுக்கு முட்டை லோடு, கேரளாவுக்கு முட்டை லோடுன்னு மாசத்துல பாதி நாளு போனீங்களே, இங்க போயித்தானா?"

"அய்யோ, லோடுதான் புள்ள! நாமக்கல்லுல வந்து யாரை வேணாலும் கேளு! பெரியவரே, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது, இந்தத் துண்டை எடுங்க!"

அந்தப் பெண் தானே துண்டை உருவி என் கையில் திணித்தது. "எம்புருசன் மாப்பிள்ளையாகி நாலு வருசமாச்சுங்க. ஊட்டுல ஒரு மாமனாரையே சமாளிக்க முடியல. உங்களுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க!"

கொட்டகையே சிரித்தது. ஒரு பொடிசு, "நாங் கட்டிக்கறேனுங்க மாமா!" என்று கை தூக்கினான். அவன் அப்பனும் மொட்டை, அவனும் மொட்டை.

நான் வழக்கம்போல முகத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். பிடி கிடைக்கவில்லை. வயிற்றிலிருந்து ஒன்று கிளம்பியது. சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் தாம்பாளம் குலுங்கியது, தேங்காய் உருண்டு போயிற்று. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வந்தது. இத்தனை வருசம் அடைத்து வைத்த ஊற்று, காளிப்பட்டியில் வைத்தா பீறிட வேண்டும்?

"ஏனுங்க, மல்லசமுத்திரத்துக்காரங்க யாராச்சும் இருக்கறீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். "சாமி சத்தியமா எனக்கு அடையாளம் தெரியலீங்க! பையனைப் புடிக்காம இல்லீங்க. நெதமும் போட்டோ பாத்து மனப்பாடம் பண்ணீட்டு வந்தேன். இப்படி மழிச்சுட்டு உக்காருவான்னு யாருங்க கண்டா? நான் ஒரு வெவரங்கெட்டவன். எம்மகளை இதுல தண்டிச்சுப் போடாதீங்க!"

பக்கத்து வரிசையில் முடி இறக்காத வெள்ளை மீசைக்காரர் ஒருத்தர் எழுந்தார். ஒரு மொட்டைப் பையனின் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார், பேசாதே என்கிற மாதிரி.

"டான்சானியாக்காரரே, இதுதானுங்க எம்பையன். சரி. என்னையத் தெரியுதுங்களா?"

"தெரியலீங்க."

"நல்லாப் பாருங்க."

"நல்லாப் பாத்தாலும் தெரியலீங்க."

"காத்தால வேப்பமரத்தடியில உங்க காருக்கு எடம் காட்டுனது யாருங்க? சித்த நேரம் மழையப் பத்திப் பேசிப்போட்டு, என்ற கையில வெத்தலை வாங்கிப் போட்டீங்களே, அது யாருங்க?"

உண்மைதான். அந்த வெற்றிலைச் சாறு இன்னும் என் வாயில் இருந்தது.

பெரியவரின் மீசை ஒரு பக்கமாக ஆடியது. அப்புறம் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, "டேய் தினேசு," என்றார், "இந்த மனுசன் உன்னைய மட்டும் மறக்கலடா. ஊரையே மறக்கறாருடா!" என்று சொல்லி அவரும் சிரிக்க ஆரம்பித்தார். முட்டை லாரிக்காரன் தேங்காயைத் தேடி எடுத்து வந்து தாம்பாளத்தில் வைத்துவிட்டு, பெண்டாட்டியிடம், "கேட்டுக்கிட்டியா? கேட்டுக்கிட்டியா?" என்றான்.

அந்த நேரம் பார்த்து நித்யா போன். "அப்பா, கண்டுபுடிச்சீங்களா?"

போனைப் பையனிடம் நீட்டினேன். அவன் வாங்கி, "இல்ல நித்யா," என்றான். அப்புறம், "பரவால்ல," என்றான். அப்புறம் சந்தனக் கையால் கண்ணைக் கசக்கினான்.

அப்போதுதான் அவனைப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு இடைவெளி, சின்னதில் அடிபட்டிருக்கும். வலது காது கொஞ்சம் முன்னால் மடங்கியிருந்தது. கீழுதடு நடுங்கியது. பயந்து போயிருந்தான். இந்த வயசுப் பையன், கை நிறையச் சம்பளம் வாங்குகிறவன், என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறான். மூன்று தடவையும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான்.

"ஏன் கண்ணு, இன்னைக்குன்னு பாத்தா முடி எறக்குவ?" என்றேன்.

"உங்களுக்கு என்னைய அடையாளம் தெரியணும்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டேனுங்க மாமா."

"கண்டுபுடிச்சதுக்கு அப்புறம் எறக்கியிருக்கலாமில்ல?"

"அம்மா, முன்கூட்டியே எறக்குனாத்தான் பலிக்கும்னு சொன்னாங்க."

ஈஸ்வரி வரிசையிலிருந்து அர்ச்சனைத் தட்டோடு வந்தாள். கூட்டத்தின் அந்தக் கடைசியிலிருந்தே, "தினேசு கண்ணு, சந்தனம் கண்ணுல வழியுது பாரு, தொடச்சுக்க!" என்றாள். மொட்டையாவது, தாடியாவது. அவளுக்கு அதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

6

அவன் எனக்காக முடி கொடுத்தான். நான் சும்மா வர முடியுமா? அவர்கள் கிளம்பிப் போனதும், அன்று மத்தியானமே நானும் கொட்டகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தேன். மீசையும் போயிற்று. கல்யாணத்துக்குக்கூட எடுக்காத மீசை.

மறுநாள் தினேஷையும் அவன் வீட்டாரையும் எங்கள் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டிருந்தோம். முற்பகலில் நான் பனியனோடு வாசலில் நின்று வாழை இலை கழுவிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் பஸ் நின்றது. எத்தனையோ பேர் இறங்கினார்கள். அதில் ஒருத்தனுக்குத் தலையில் தொப்பி, கையில் பழப்பை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. நடுவில் ஒரு காது மட்டும் முன்னால் மடங்கியிருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. ஈஸ்வரியைக் கூப்பிடவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. நானாகத் தெரிந்துகொண்டேன். அந்தச் சந்தோசத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் அப்பா அம்மா பின்னால் காரில் வருவது அப்புறம்தான் தெரிந்தது, இவன் முந்திக்கொண்டு வந்திருக்கிறான். நேராக என்னிடம் வந்து நின்று கண்ணாடியைக் கழற்றினான்.

"ஏனுங்க பெரியவரே, டான்சானியாக்காரர் ஊடு எதுங்க?"

முருகா, நீ இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். இலையைக் கீழே வைக்காமல், "எந்த டான்சானியாக்காரரு?" என்றேன்.

"ரிக் வண்டிக்காரருங்க. பெரிய மீசை வெச்சிருப்பாரு."

"ஓ, அவரா? சிடுமூஞ்சி ஆளாச்சே. அவர்கிட்ட உனக்கு என்ன சாமி வேலை?"

பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அப்படிச் சொல்லாதீங்க. பாக்கத்தான் அப்படி இருப்பாரு. நல்ல மனுசருங்க."

உதட்டைக் கடித்துப் பார்த்தேன். இலையால் வாயை மூடிப் பார்த்தேன். தோள் ஆட ஆரம்பித்துவிட்டது, இலைத் தண்ணீர் அவன் சட்டைமேல் தெறித்தது. நான் வாய்விட்டுச் சிரித்த பிறகுதான், அவன் பழப்பையைக் கீழே போட்டுவிட்டு, "மாமா!" என்றான்.